விளாவிய தண்ணீர்

4 மார்ச் 1934, ஞாயிறு

வாசகசாலையில் இன்று முதல் சொற்பொழிவு. மழை மிரட்டிக்கொண்டிருந்தும் மாடி நிறைந்துவிட்டது. மாடி என்றால் சூலியா தெருவில் ஷேக் அலாவுதீன் முதலாளியின் துணிக்கடைக்கு மேல் உள்ள அறைதான். அவர்தான் எங்கள் தலைவர். "காலம் எங்கேயோ போகுது. விவரம் தெரிஞ்சவங்க வந்து நம்ம ஆளுங்களுக்கு நாலு வார்த்தை சொல்லணும் லா" என்று, பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்க்கும் இந்த ஊர் வழக்கில் அவர் ஆரம்பித்து வைத்தது இது. மின்சாரம், நோய்க் கிருமி, தலைமை என்று மூன்று பேச்சு. கடைசியை அவரே பேசப் போகிறார். முதல் இரண்டும் ஆங்கிலத்தில். தமிழில் சொல்வதற்கு என்னைப் பிடித்துப் போட்டார்.

கோர்ட்டில் மொழிபெயர்த்தே தலை நரைத்தவனுக்கு இது ஒரு வேலையா என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேசியவர் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர். ஒரு தெருவுக்கு விளக்கு வந்துவிட்டால் அங்கே கடை மூடும் நேரம் மாறுகிறது, பெண்கள் வெளியே நடமாடும் நேரம் மாறுகிறது, பயங்கள்கூட மாறுகின்றன என்றார். விஞ்ஞானம் எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுதான் என்றார். அப்படியே சொன்னேன். என் முறை அதுதான்: ஒரு சொல்லைக் கூட்டுவதில்லை, ஒரு சொல்லைக் குறைப்பதில்லை. அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன். என் அபிப்பிராயம் யாருக்கு வேண்டும்?

சாப்பாட்டுக் கடை சீனி முகம்மது எழுந்து, "கரண்டு கம்பிக்குள்ளே ஓடுதுன்னா, கம்பி அறுந்தா கீழே கொட்டுமா தொரே?" என்றார். கூட்டம் சிரித்தது. இஞ்சினியர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பண்புக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

வீட்டில் என் மனைவி நல்லம்மாள், "என்ன, வெள்ளைக்காரரைத் தமிழ் பேச வச்சிட்டீங்களா?" என்றாள். இந்த வயதிலும் என்னைக் கேலி செய்ய ஒருத்தி இருக்கிறாள்.

6 மார்ச்

தொண்டை கட்டிவிட்டது. மிளகுக் கஷாயம்.

18 மார்ச், ஞாயிறு

இரண்டாம் பேச்சு. டாக்டர் தியோ, சீனர், சீமையில் படித்தவர். டத்தோ கிராமாட்டில் எங்கள் சந்திலேயே இரண்டு வீட்டில் டைபாய்டு வந்திருப்பதால், அலாவுதீன் முதலாளி மாடியை விட்டுவிட்டுப் பேச்சை எங்கள் கிணற்றடியிலேயே வைத்துவிட்டார். பெண்களும் கேட்கட்டும் என்றார். நல்ல யோசனை.

டாக்டர் கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிச் சொன்னார். அது தண்ணீரில் வருகிறது, கொதிக்கும் தண்ணீரில் செத்துவிடுகிறது. "காய்ச்சிக் குடியுங்கள். அவ்வளவுதான். இதைவிட மலிவான மருந்து உலகத்தில் இல்லை." தங்குதடையில்லாமல் சொன்னேன். முடிந்ததும் டாக்டர் என் கையைக் குலுக்கினார். வீடு வந்தும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசட்டுத்தனம்.

27 மார்ச்

சந்து முழுக்க விறகுப் புகை. எல்லா வீட்டிலும் தண்ணீர் கொதிக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலுவின் மனைவி நவமணி, பக்கத்து வீட்டுக்காரி, என்னைப் பார்த்து, "கோர்ட்டு ஐயா, உங்க பேச்சுனாலே என் விறகெல்லாம் தீர்ந்து போச்சு" என்று சிரித்தாள். ஒருவர் கற்றதை இன்னொருவர் சொல்ல, பத்துக் குடும்பம் பிழைக்கிறது. இதில் எனக்கும் ஒரு சிறு இடம் கிடைத்ததே.

8 ஏப்ரல், ஞாயிறு

வேலுவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சந்தின் கடைசி வீட்டிலும் ஒரு கிழவருக்குக் காய்ச்சல்.

மாலையில் டாக்டர் தியோ நேரே நவமணி வீட்டு வாசலுக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். முகம் சிவந்திருந்தது அவருக்கு. தண்ணீரைக் காய்ச்சினாயா என்று கேட்டார்.

"காய்ச்சாம ஒரு சொட்டு குடிக்கலே ஐயா. மாரியாத்தா மேல சத்தியம்."

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காய்ச்சியிருந்தால் இந்தக் காய்ச்சல் வந்திருக்காது என்றார். பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம். நான் அவற்றைத் தமிழில் சொன்னேன். எப்போதும் சொல்வதுபோல, அவர் வாயாக நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"நீ பொய் சொல்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் திருந்தாவிட்டால் உன் இரண்டு பெண் குழந்தைகளையும் ஆஸ்பத்திரியில் தனி வார்டில் வைக்கும்படி சுகாதார அதிகாரிக்கு எழுதுவேன்."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

9 ஏப்ரல்

சொன்னது டாக்டர். ஆனால் அவள் காதில் விழுந்தது என் குரல்.

மொழிபெயர்ப்பில் பிழை உண்டா? அவர் பேசியதை ஒவ்வொரு வாக்கியமாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பிழை இல்லை. அதுவே ஏனோ ஆறுதலாக இல்லை.

காலையில் நவமணி கிணற்றடியில் இருந்தாள். நான் வருவதைப் பார்த்துக் குடத்தைப் பாதி நிறைந்தபடியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

10 ஏப்ரல்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் தாகம் என்றேன். நல்லம்மாள் அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கியது என் கண்முன்னால்தான். மூக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. உடனே செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, இதமாக. ஒரு மடக்கு இறங்கிய பிறகுதான் தோன்றியது — இத்தனை சீக்கிரம் எப்படி ஆறிற்று?

"ஆறலே. விளாவினேன்."

"எதை விட்டு?"

"பச்சைத் தண்ணியைத்தான். வேற எதை விட்டு விளாவுவாங்க?"

"கிணத்துத் தண்ணியையா? எத்தனை நாளா?"

"இது என்ன கேள்வி? குளிக்கறதுக்கு விளாவாமலா ஊத்திக்கிறீங்க? கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா நாக்கு வெந்து போகாதா?"

"ஆற வச்சுக் கொடுக்கலாமே நல்லம்மா."

"ஆறி அவிஞ்ச தண்ணியையா? பழந்தண்ணியைக் குடிக்கக் கொடுத்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? டாக்டர் காய்ச்சச் சொன்னார், காய்ச்சினோம். விளாவக் கூடாதுன்னு அவரும் சொல்லலே, நீங்களும் சொல்லலே."

செம்பைக் கீழே வைத்தேன். பச்சைத் தண்ணீரோடு கிருமியும் திரும்ப வந்துவிடும் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டுவிட்டு வந்தாள். எல்லா வீட்டிலும் காய்ச்சுகிறார்கள். எல்லா வீட்டிலும் விளாவுகிறார்கள். விளாவாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாளாம்; டாக்டர் சொல்லட்டும் என்கிறார்களாம்.

"நவமணி ஒரு பொய்யும் சொல்லலே" என்றாள் நல்லம்மாள். "போய்ச் சொல்லுங்க அந்த டாக்டர்கிட்டே."

11 ஏப்ரல்

டாக்டரின் டிஸ்பென்சரி வரை போனேன். உள்ளே கூட்டம். அவர் குரல் கேட்டது. திரும்பிவிட்டேன்.

வீட்டில், அவர் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த அளவுக்கு இறங்கவில்லை. பயந்துவிட்டேன் என்றே சொன்னேன். நல்லம்மாள் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

12 ஏப்ரல்

எதற்குப் பயம்? கேட்டுப் பார்க்கிறேன். அவர் படித்தவர், நான் அவருடைய பேச்சை வாங்கிக் கொடுப்பவன். வாழ்நாள் முழுக்க நீதிபதிக்கும் கைதிக்கும் நடுவில் நின்றேன். என் சொந்த வாக்கியம் ஒன்றைக் கோர்ட்டில் சொன்னதே இல்லை. சொல்லாமல் இருந்ததற்காகத்தான் எனக்கு நல்ல பெயர்.

ஆனால் அந்தக் குழந்தைகள்?

16 ஏப்ரல்

வருஷப் பிறப்பு வந்து போனது. நவமணி வீட்டில் கோலமில்லை.

இன்று சூலியா தெருவுக்குப் போய் அலாவுதீன் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலைமை பற்றிய தன் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த செம்பைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! ஐயா, இதுவும் விளாவினதுதான் லா!"

அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மறுபடி எங்கள் கிணற்றடிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், கடைசி எச்சரிக்கை கொடுக்க, என்றார். நீங்கள்தான் தலைவர், நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"நான் சொன்னா, முதலாளி ஆளுங்களுக்குப் பரிஞ்சு பேசறாருன்னு நினைப்பார். அந்தப் பொண்ணு முன்னாலே நின்னு 'பொய்'யுன்னு சொன்ன வாய் உங்களுது. அதுதான் சொல்லணும் ஐயா."

என் முகத்தைப் பார்த்திருப்பார். "பக்கத்துலே நிக்கிறேன். பேச மாட்டேன். நிக்கிறேன், போதுமா?" என்றார்.

22 ஏப்ரல், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் வந்தார். சந்து முழுக்கக் கூடியிருந்தது. நவமணி பின்னால் சுவரோரம், சின்னவள் இடுப்பில், பெரியவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அலாவுதீன் முதலாளி சொன்னபடியே என் தோள் உரச நின்றார்.

டாக்டர் தொடங்கினார். கடைசி முறையாக வந்திருக்கிறேன் என்றார். சொன்னேன். உங்களில் சிலர் என்னிடம் பொய் சொன்னீர்கள் என்றார்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். டாக்டர் காது கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை சொன்னார். முதலாளி இருமினார்.

ஆங்கிலத்தில் சொன்னேன்: "டாக்டர், மன்னிக்க வேண்டும். இவர்கள் பொய் சொல்லவில்லை." என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. நல்லம்மாளைப் பார்த்தேன். நான் சொல்லாமலே புரிந்துகொண்டாள். கொதிக்கும் கேத்தலைக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் செம்பில் ஊற்றினாள். பிறகு கிணற்றுக் குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு விட்டு, விரலால் சூடு பார்த்து, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல டாக்டரிடம் நீட்டினாள்.

அவர் செம்பையே பார்த்தார்.

"எல்லா வீட்டிலும் இப்படித்தானா?"

"எல்லா வீட்டிலும்."

"எங்கள் வீட்டில் கொதித்த தண்ணீரில் தேயிலையைப் போட்டுச் சுடச்சுடக் குடிப்போம்" என்றார், மெல்ல. "பச்சைத் தண்ணீரைக் கலப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை." பிறகு நவமணி இருந்த பக்கம் திரும்பினார். "அவளிடம் சொல்லுங்கள், அவளைச் சந்தேகப்பட்டது தவறு. மன்னிக்க வேண்டும்."

அதைச் சொல்லும்போது எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்ததா, தெரியாது. தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு டாக்டர் ஒன்றும் சொல்லாமலே நான் ஜனங்களிடம் பேசினேன். காய்ச்சுங்கள், மூடி வையுங்கள், அதே பாத்திரத்தில் ஆற விடுங்கள், கையை விட்டு மொள்ளாதீர்கள். மூடி வைத்தால் ஆறிய தண்ணீர் பழந்தண்ணீர் ஆகாது.

"ருசி இருக்காதே கோர்ட்டு ஐயா!" என்றது ஒரு குரல்.

"இருக்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது இதுவே முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

சுகாதார அதிகாரிக்கு எழுதப் போவதில்லை என்று டாக்டர் போகும்போது சொன்னார். குழந்தைகள் வீட்டிலேயே இருப்பார்கள். இறைவனுக்கு நன்றி. நல்லம்மாளுக்கு நன்றி. பக்கத்தில் நின்ற மனிதருக்கு நன்றி.

6 மே, ஞாயிறு

முதலாளி தலைமை பற்றிப் பேசினார். எழுதி வைத்த தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "என் கடைப் பயலுங்ககிட்டே விளாவாதீங்கடான்னேன். சரி முதலாளின்னானுங்க. உள்ளே எட்டிப் பாத்தா விளாவறானுங்க. இப்போ தினம் கடை வாசல்லே உக்காந்து, ஊரே பாக்க ஒரு செம்பு ஆறின தண்ணி குடிக்கிறேன். சீச்சீ, என்ன ருசி லா! ஆனா இப்போ அவனுங்களும் குடிக்கிறானுங்க. எனக்குத் தெரிஞ்ச தலைமை இவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். மூன்று பேச்சில் இதுதான் சின்னது.

19 மே

வேலு வீடு திரும்பினான். எலும்பும் தோலுமாக, ஆனால் நடந்தே வந்தான்.

2 ஜூன், சனி

சந்தில் புதிதாக ஒரு காய்ச்சலும் இல்லை.

டாக்டர் தியோவிடமிருந்து ஆள் வந்தது. கெலுகோர் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயங்களில் காய்ச்சல் தலைகாட்டியிருக்கிறதாம். அவர் அங்கே பேசுவதற்கு முன்னால் நான் போய்ப் பார்த்துவர வேண்டுமாம். என்ன சொல்ல வேண்டும் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்கிறாராம். எனக்கா இது? இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நல்லம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் நவமணி. ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு எங்கள் வாசல்படியை இன்றுதான் மிதிக்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அடுப்படியிலே என்ன நடக்குதுன்னு உங்களுக்கு என்ன தெரியும் கோர்ட்டு ஐயா? வாசல்லே நின்னு கேட்டா, எல்லாம் சரியாத்தான் செய்யறோம்னு சொல்லுவாங்க. நானும் சொன்னேனே. நல்லம்மா அக்காவும் நானும் வர்றோம்."

வேலுவை யார் பார்த்துக்கொள்வது என்றேன். "அவர் கஞ்சி வைக்கக் கத்துக்கிட்டார்" என்றாள். நல்லம்மாள் அதற்குள் மூன்று பேருக்குக் கட்டுச்சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

நாளைக் காலை புறப்படுகிறோம். அவர்கள் இருவரும் உள்ளே போவார்கள். நான் வெளியே உட்கார்ந்து காத்திருப்பேன்.