ஸ்டேடியத்துக்குப் போன உன் ஆரஞ்சு கையுறை

மாமு,

உன் கையுறை இன்றைக்கு ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறது. நான் கொடுத்து அனுப்பவில்லை. என் மகள் ஜெனியே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நைனா, மாமாவோட அந்த ஆரஞ்சு க்ளவுஸ எங்க வெச்சிகிற?" என்று காலையில் வந்து நின்றாள். நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி என்னிடம் கொடுத்த ஹெல்மெட்டுக்குள்தான் அது இத்தனை நாளும் இருந்தது. பீரோவின் மேலிருந்து இறக்கி ஒரு தட்டு தட்டியதும் கிரீஸும் துருவும் உன் பீடியும் கலந்த அந்த வாடை வந்தது. பதினாலு மாதமாகியும் போகவில்லை. அவள் அதை வலது கையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆட்டிப் பார்த்தாள். "கூட்டத்துல இத்த தூக்கி ஆட்டுனா தோஸ்துங்க என்னிய ஈசியா கண்டுபுடிச்சிடுவாங்க" என்றாள். ஏதோ வெளிநாட்டு ராக் பேண்டாம். அவளும் காலேஜ் தோழிகள் மூன்று பேரும் போகிறார்கள்.

கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவளைப் போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஸ்டேடியத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில். நான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பதாக ஜெனி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கிளம்பிய அரை மணி நேரத்தில் நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிவிட்டேன். கையில் அவளுடைய பழைய காலேஜ் நோட்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, அதனால் உனக்கு எழுதுகிறேன். எதிரே கறுப்புச் சட்டைகள் வரிசை வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறை விசில் சத்தம் எழும்போதும் நான் பாதி எழுந்து நின்று பார்க்கிறேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடம் நான் மேலே, நீ கீழே. கிரேன் கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். மீதிக் கண் சிக்னல்மேனின் கைதான். ஏற்று, இறக்கு, மெதுவா, இடது பக்கம் என்று உன் ஆரஞ்சுக் கை சொல்வதைத்தான் என் கை செய்யும். ஷிப்டு முழுக்க ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது நாள் முழுக்க உன்னோடு பேசிக் களைத்த மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று நம் இருவருக்கும் சேர்த்தே சொன்ன விதி ஒன்று உண்டு. கிரேன் ஓட்டுபவன் ஒரே ஒருவனின் கையைத்தான் பார்க்க வேண்டும். மேனேஜரே வந்து கையைக் காட்டினாலும் கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் 'நிறுத்து' மட்டும் அப்படியில்லை. அதை யார் காட்டினாலும், கேன்டீனிலிருந்து டீ கொண்டுவருபவர் காட்டினாலும், அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நீ அந்தக் கையை வேலையோடு விட்டுவிட்டுப் போகிற ஆளா? எங்கள் ஹவுசிங் போர்டு வீடு மூன்றாவது மாடி. காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்தால் படியேற சோம்பேறித்தனம் உனக்கு. கீழே நின்று ஒரு விசில் அடிப்பாய். குட்டி ஜெனி பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையை விடுவாள். நீ நடுத்தெருவில் நின்றுகொண்டு, ஏதோ நாற்பது டன் கன்டெய்னர் இறங்குகிற மாதிரி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சைகை காட்டுவாய். இறக்கு, இன்னும் இறக்கு, மெதுவா. கடைசியில் கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இடமும் வலமுமாக ஒரு வீச்சு. நிறுத்து. கூடை உன் மூக்குக்கு நேராக நிற்கும். கீழ்வீட்டுக்காரர்கள் கை தட்டுவார்கள். அவள் அந்த விளையாட்டுக்காகவே மீனை விரும்பினாள்.

உனக்குப் பாட்டு என்றால் ஒரே ஒரு இங்கிலீஷ் பேண்டுதான். பெரம்பூரில் நீ வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில் யாரோ கேசட்டில் போட்டதைக் கேட்டுப் பிடித்த பைத்தியம். ஒரு வரிகூட உனக்குப் புரியாது. வாய்க்கு வந்ததை முணுமுணுப்பாய். அர்த்தம் கேட்டால், "வார்த்தைய வுடு மாமு, ட்ரம்ஸ கேளு, பைலிங் மெஷினு தரையில எறங்கி இடிக்கிற மாறி கீது" என்பாய். அவர்கள் சென்னைக்கு வருகிறார்கள் என்று தெரிந்த அன்று யார்டில் நீ எனக்குக் காட்டிய சைகை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ரெண்டு கையையும் தூக்கி ஒரு குத்தாட்டம்.

அப்போது நம் பக்கம் மெட்ரோ வரவில்லை. காலை ஷிப்டு முடித்து அப்படியே கல்மண்டபத்தில் பஸ் ஏறினோம். உன் பின்பாக்கெட்டில் கையுறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல வெயில். நாலு மணிக்கே ஸ்டேடியத்தில் நம் கேட்டுக்குப் போகும் வழியில் ஆயிரக்கணக்கில் ஜனம். இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு, போகப் போகக் குறுகும் பாதை. எனக்கு அங்கேயே மூச்சு முட்டியது. வருடக்கணக்கில் தனியாக உயரத்தில் உட்கார்ந்தவன் நான். தோளில் தோள் இடித்தால் எனக்கு ஆகாது. நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். "இன்னா மாமு, மேல குந்திகினா ராஜா, கீழ எறங்குனா பேஜாரா?" என்று கிண்டல் செய்தாய். பிறகு, "நான் முன்னாடி போய் வழி பாக்கறேன், என் கைய பாத்துகினே வா" என்று சொல்லிவிட்டு எலி மாதிரி நுழைந்து போனாய்.

கொஞ்ச நேரத்தில் விளக்குக் கம்பத்தின் சிமெண்ட் மேடையில் ஏறி நின்றாய். கையுறைகளை மாட்டிக்கொண்டாய். உள்ளே ட்ரம்ஸை யாரோ தட்டிப் பார்க்க, கூட்டம் மொத்தமும் ஒரு அலறல் அலறி முன்னால் நெட்டித் தள்ளியது. எனக்குக் காதும் இல்லை, மூளையும் இல்லை. உன் கை மட்டும்தான் இருந்தது. வா, வலது பக்கம், வா, இன்னும் வா. நான் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பயம் போய்விட்டது என்றுகூடச் சொல்வேன்.

எனக்கு முன்னால் இரண்டு ஆள் தள்ளி ஒரு பெண். இருபது வயது இருக்கும். திரும்பி என் பக்கம் பார்த்தாள். மூச்சு வாங்க முடியாமல் வாயைத் திறந்திருந்தாள். இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கையை விரித்து ஆட்டினாள்.

நான் அதைப் பார்த்தேன், மாமு. இதை அன்றைக்கு உன்னிடம் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தும் நிற்கவில்லை. அவள் என் சிக்னல்மேன் இல்லை. என் சிக்னல்மேன் வா என்று காட்டிக்கொண்டிருந்தான். நான் வந்துகொண்டே இருந்தேன். அவள் கைகள் கீழே போயின, பிறகு தலையும் போனது. என் காலில் ஒரு செருப்பு தட்டுப்பட்டது.

அப்போதுதான் நின்றேன். முதுகைப் பின்கூட்டத்துக்குக் கொடுத்து, பக்கத்தில் இருந்த தகரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அவளைக் காலுக்கு நடுவில் வைத்து நின்றேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். இரண்டு கையையும் அகல விரித்து 'நிறுத்து' காட்டினாய், திரும்பத் திரும்ப. கூட்டத்துக்கு நம் சைகை எப்படித் தெரியும்? ஆனால் ஆரஞ்சு கையுறையைப் பார்த்து ஏதோ செக்யூரிட்டி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முன்வரிசை நின்றது, அதைப் பார்த்துப் பின்வரிசையும் நின்றது. நீ குதித்து வந்தாய். இருவரும் அவளைத் தூக்கித் தடுப்புக்கு வெளியே கொண்டுபோனோம்.

பிழைத்துவிட்டாள். மணிக்கட்டு பிசகியிருந்தது, அவ்வளவுதான் என்று முதலுதவிக் கூடாரத்தில் சொன்னார்கள். ஆனால் வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தாள். அவளுடைய அம்மா தாம்பரத்திலிருந்து வந்து சேரும் வரை நாம் நகரவில்லை. அதற்குள் உள்ளே பாதிப் பாட்டு முடிந்து, நம் கேட்டையும் அடைத்துவிட்டார்கள். நீ வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பேண்டை ஸ்டேடியத்தின் மதில்சுவருக்கு வெளியே, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கேட்டாய். "இன்னா இப்போ, கேக்குதில்ல?" என்றாய். முழங்காலில் தாளம் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராயபுரம் வந்துவிட்டது. இறங்கும்போதுதான் கேட்டாய்.

"அந்தப் பொண்ணு கைய காமிச்சிச்சில்ல?"

"காமிச்சுது."

"பாத்தியா?"

"பாத்தேன். நீ வான்னு காமிச்சிகினு இருந்த."

நீ தலையை ஆட்டினாய். "நான் உன்னியே பாத்துகினு இருந்தேன், அத்த பாக்கவே இல்ல. நம்ம ரெண்டு பேரும் நம்மள மட்டும் பாத்துகினு இருந்துட்டோம் மாமு." என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. அந்தப் பேண்டின் பாட்டையும் நீ முணுமுணுத்து நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகம்தான் இன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு ஜெனியின் முகமாக வந்து நிற்கிறது. யாரோ ஒரு தடியன், என்னை மாதிரி ஒருவன், தன் தோழனின் கையைப் பார்த்துக்கொண்டே வந்து அவள் மேல் ஏறிவிட்டால்? காலையில் அவளிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். "கூட்டத்துல சாக்கிரதையா இரு" என்று மட்டும் சொன்னேன். வெட்கம்தான் காரணம்.

இதுவரை பதினொரு முறை போன் போட்டுவிட்டேன். முதல் இரண்டு முறை எடுத்து, "உள்ள வந்துட்டேன் நைனா, நல்லா கீது" என்றாள். பிறகு எடுக்கவில்லை. உள்ளே ட்ரம்ஸ் ஆரம்பித்து, டீக்கடை பெஞ்சு வரை அதிர்கிறது. சற்று முன் பெரிய கூச்சல் ஒன்று எழுந்தது. சந்தோஷக் கூச்சலா, அலறலா என்று எனக்குத் தெரியவில்லை. போதும் மாமு, நான் கேட்டுக்குப் போகிறேன். டிக்கெட் இல்லாவிட்டால் என்ன, மகளைக் கூப்பிட வேண்டும் என்று காலில் விழுந்தாவது உள்ளே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மறுபடி எழுதுகிறேன். ரோட்டைப் பாதி தாண்டியிருப்பேன், போன் அடித்தது. ஜெனி, வீடியோ கால். இரைச்சலில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. "எங்க கீற? அடிபட்டிச்சா?" என்று நான் நடுரோட்டில் கத்துகிறேன், அவளுக்கும் கேட்கவில்லை. வாயசைத்துப் பார்த்தாள், விட்டுவிட்டாள். பின்னால் தோழிகள் மூன்று பேரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி, கடவுளே, தாராளமாக இடம் இருந்தது. போனை இடது கைக்கு மாற்றினாள். வலது கையை நேராக நீட்டினாள். உன் ஆரஞ்சு கையுறை, உள்ளங்கை தரையைப் பார்க்க, இடமும் வலமுமாக ஒரு வீச்சு. நிறுத்து. முகத்தில் சிரிப்பே இல்லை, கூடை இறக்கும்போது உனக்கு இருக்குமே, அதே முகம்.

பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். நான் அங்கேயே நின்றேன். பிறகு திரும்பி வந்து இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயம் போகவில்லை மாமு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யார் காட்டினாலும் நிற்க வேண்டும். இந்த முறை நின்றுவிட்டேன்.