யாரைக் கொடுத்தாவது ஒரு சென்டர்

மேனாம்பேடு,
அம்பத்தூர்.
20.1.2025

அன்பு மகள் ரோஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த லூதியானா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். மூன்று தடவை போனில் சொல்லப் பார்த்தேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு வாயில் வராதது பேனாவில் வரும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். பிப்ரவரி ஒன்பதாம் தேதி உன் லூதியானா கூடைப்பந்து டீம் இங்கே நம் அரங்கில் ஆட வருகிறது, நீ மட்டும் முட்டி வலி என்று சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிடப் போகிறாய் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. உன் முட்டிக்கு ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை, நீ போன பிறகு இங்கே நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன்னை லூதியானாவுக்குக் கொடுத்து அந்த ஜஸ்லீன் என்ற பெண்ணை வாங்கியாகிவிட்டது என்று நம் அம்பத்தூர் சூறாவளி டீமின் நிர்வாகம் அறிவித்த அன்று சாயங்காலம் நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய், வெளியே பட்டாசுச் சத்தம் கேட்டது, எங்கேப்பா வெடிக்கிறாங்க என்று கேட்டாய், நான் கோயிலில் ஏதோ விசேஷம் என்றேன். பொய் சொன்னேன் ரோஷினி. வெடித்தது நம் ரசிகர் மன்றத்துக்காரர்கள்தான். தலைவர் தமிழ்வாணன் இருக்கிறானே, ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன், போன வருஷம் நீ ஜெயித்துக் கொடுத்தபோது உன்னைத் தோளில் தூக்கியே தீருவேன் என்று அழிச்சாட்டியம் செய்து அம்மாவிடம் திட்டு வாங்கினானே, அவன்தான் பத்தாயிரம்வாலாவுக்குத் திரி கிள்ளினானாம். டீக்கடையில் எல்லாருக்கும் அவன் செலவில் கேசரி. இன்னா மாமே, ஒருவழியா ரிங்குக்கு அடியில நிக்க நமக்கும் ஒரு சென்டர் வந்துட்சி, இனிமே கப்பு நம்மள்துதான் என்று ஒருத்தன், கார்டு தெருவுக்குப் பத்து பேர் கீறாங்கோ, ஆறடி நாலு அங்குலம் எங்க கெடைக்கும் என்று இன்னொருத்தன். உன்னைப் போலப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற கார்டு தெருவுக்குப் பத்து பேராம். இந்த மேனாம்பேட்டில் எந்தத் தெருவில் பந்தைக் கீழே பார்க்காமல் தட்டிக்கொண்டு ஓடுகிற பத்து பேர் இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டட்டும். சொன்னவனுக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்த இன்னொரு ஆள் வேண்டும்.

மறுநாள் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று கிட்டே போனால் உடம்பு உன்னுடையது. போன வருஷம் உனக்கு வைத்த அதே படம், அதே ஏழாம் நம்பர், மணிக்கட்டில் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு கூட அப்படியே இருக்கிறது, கழுத்துக்கு மேலே மட்டும் அந்தப் பெண்ணின் முகத்தை ஒட்டியிருக்கிறான். உயரம் போதவில்லை போதவில்லை என்று ஊரைக் கூட்டி அழுது ஆறடி நாலு அங்குலத்தை வரவழைத்தார்கள், வந்ததும் முதல் வேலையாக அவளை ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு வெட்டிவிட்டார்கள். இதுகளின் விளையாட்டு அறிவு இவ்வளவுதான். கீழே வரிசையாக முப்பது பேர் போட்டோ, கூலிங்கிளாஸும் கும்பிட்ட கையுமாக. அந்த முப்பதில் ஒருத்தனுக்காவது ஃப்ரீ த்ரோ எங்கே நின்று போட வேண்டும் என்று தெரியுமா என்றால் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர்கள் கூடத்துக்குள்ளேயே வந்ததில்லை.

காட்டுப்பாக்கத்தில் இருந்து கமலம் அத்தை வந்திருந்தாள், பொங்கல் சீர் வாங்கிப்போக வந்தவள் துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு பொண்ணை இன்னாத்துக்கு இப்படி அனுப்பிட்டாங்கோ, ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளா என்று கேட்டாள். என் கூடப் பிறந்தவள், உன்னைத் தூக்கி வளர்த்தவள், அவளே அப்படிக் கேட்கிறாள். தப்பெல்லாம் ஒன்றுமில்லை, இது இந்த ஆட்டத்தில் வழக்கம், ஓர் ஆளைக் கொடுத்து இன்னோர் ஆளை வாங்குவார்கள் என்று சொன்னேன். அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

பன்னிரண்டாம் தேதி அந்தப் பெண்ணின் முதல் மேட்ச். நானும் போனேன், வழக்கமான இடத்தில் மன்றத்து ஆட்களோடுதான் உட்கார்ந்தேன். அரங்கம் நிறைந்து வெளியே வேறு நின்றார்கள். அவள் உள்ளே வந்ததும் விசில் காதைப் பிளந்தது. நல்ல உயரம்தான், நல்ல பெண்ணாகவும் தெரிகிறாள், ரிங்குக்கு அடியில் போய் நின்று கையைத் தூக்கிக் காட்டுகிறாள், ஆனால் பந்தை அவள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லையே. அந்த வேலையைச் செய்கிறவளைத்தான் கொடுத்துவிட்டார்களே. பெரிய லேத் வாங்குவதற்காக அதைச் சுற்றவைக்கும் மோட்டாரை விற்றவன் கதைதான், முப்பது வருஷம் எஸ்டேட் பட்டறையில் லேத் ஓட்டியவனுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். முதல் பாதி முழுக்க அவள் கையைத் தூக்கியபடியே நின்றாள். இரண்டாம் பாதியில் நாலு ஃப்ரீ த்ரோ வந்தது, பாவம் பதற்றத்தில் மூன்று வெளியே போனது. ஆரம்பித்துவிட்டார்கள் பார். விசில் அடித்த அதே வாய், அரைமணி நேரம் கூட ஆகவில்லை, நெட்டைக் கொக்கு நெட்டைக் கொக்கு என்று தாளம் போட்டுக் கத்துகிறது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியாது, தன்னைத்தான் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். இவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை, ஆனால் அவள் கையை ஆட்டியபோது அது போய்விட்டது.

பதினேழு பாயின்டில் தோற்றோம். வெளியே வரும்போது தமிழ்வாணன் சத்தமாகச் சொல்கிறான், இத்த எவன்டா இட்டாந்தான், ரோஷினி இர்ந்தா பாலு தானா கைக்கு வந்துகினு இருக்கும், ரோஷினிய போயி எவனாச்சும் குடுப்பானா என்று. எவனாச்சுமாம். நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள், அதில் ஒருத்தனுக்குக் கூட வெட்கம் என்று ஒன்று முகத்தில் வரவில்லை. பூந்தமல்லியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷவுகத் அலி மாமாவும் வஹீதுன்னிசா அத்தையும் அப்போது படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஷவுகத் அலி தமிழ்வாணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் என்னைப் பார்த்தார் என்று இப்போது சொல்கிறேன், இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. போன சீசன் அரையிறுதியில் ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தையெல்லாம் அந்த எதிரணி உயரக்காரிகள் பிடித்துக்கொண்டே போய் நாம் தோற்றோமே, அன்றைக்கு மன்றத்தில் கூடி நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். மனு எழுதுவது என்றால் இந்த வார்டில் யாரிடம் வருவார்கள் என்று உனக்குத் தெரியும். கழிவுநீர்க் குழாய்க்கு நான் எழுதினேன், தெருவிளக்குக்கு நான் எழுதினேன், இரண்டும் வந்தது, அந்தப் பெருமையில் இதையும் உட்கார்ந்து எழுதினேன். நமது அணியின் நடுவில் நிற்க உயரமான வீராங்கனை ஒருவர் உடனடியாகத் தேவை, அதற்காக அணியில் உள்ள யாரைக் கொடுக்க நேர்ந்தாலும் ரசிகர்களாகிய நாங்கள் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்வோம் என்று என் கையால், என் குண்டுக் கையெழுத்தில் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. ஷவுகத் அலி மட்டும் படித்துப் பார்த்துவிட்டு, சென்டர் வேணும்னு கேளு அண்ணாத்தே, கரீட்டு, ஆனா இந்த யாரைன்றது யாரு என்று கேட்டு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சிரித்தேன். இவருக்கு எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம் என்று அவர் போன பிறகு கேலி வேறு செய்தேன்.

யாரை என்று எழுதும்போது என் மனதில் யார் இருந்தாள் தெரியுமா? அந்தக் கோட்டயத்துப் பெண். பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளே, மேட்சுக்கு ஐந்து நிமிஷம் இறங்குவாளே, அவளைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரோ என்றால் அது வேறு வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நிச்சயமாக நினைத்தேன். அவளுக்கும் ஓர் அப்பா இருப்பார், அவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று அந்த இரண்டு பக்கம் எழுதி முடிக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. பெஞ்சில் இருப்பவளைக் கொடுத்தால் எவன் ஆறடி நாலு அங்குலம் தருவான்? நல்லதைக் கேட்டால் நல்லதைத்தான் கொடுக்க வேண்டும், அந்தக் கணக்கு கூடத் தெரியாமல் எழுதியவன், மேலே நான் வரிசையாகத் திட்டிய அந்த முட்டாள் கூட்டத்தில் முதல் ஆள், உன் அப்பா.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்த மாதம் ஒன்பதாம் தேதி நிர்வாகத்துக்காரர்கள் ரசிகர்களின் ஆசை நிறைவேறியது என்று போட்டு அந்த மனுவைப் படம் பிடித்துத் தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு திவ்யா போனைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா கையெழுத்தைப் பார்த்தாள், மொதக் கையெழுத்தே பெத்தவன்து என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், அதற்குப் பிறகு பதினோரு நாளாக என்னோடு பேச்சு கிடையாது, தட்டு வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று எனக்குத் தெரிகிறது. போனை என்னிடம் கொடுக்கும்போது கூட மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். உன்னைக் கண்டபடி எழுதுகிறார்கள் என்று அந்தப் பக்கங்களையெல்லாம் நீ போனில் இருந்து எடுத்துவிட்டதால் இதை நீ இன்னும் பார்த்திருக்க மாட்டாய். ஆனால் இங்கே வந்தால் எவனாவது உன் மூஞ்சிக்கு நேராகக் காட்டுவான். அப்போது உனக்கு முதல்முறையாகத் தெரியக்கூடாது என்றுதான் இதை நானே சொல்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, கேட்டால் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. நான் செய்தது தப்பு, ரோஷினி. என்னை மன்னித்துவிடு.

மன்றத்தில் இருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன், தமிழ்வாணன் இன்னா நைனா, இத்துக்கெல்லாமா கோச்சிப்பாங்கோ என்று கேட்கிறான். ஆனால் நீ வராமல் இருந்தால் அவர்கள் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டுவார்கள், பயந்துட்டா என்பார்கள். வந்தால் கத்துவார்கள், கட்டாயம் கத்துவார்கள், கொக்கு என்ற இடத்தில் வேறு ஏதாவது வைத்துக் கத்துவார்கள். கத்தட்டும். நீ பந்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் போகிற நாலு நொடியில் அத்தனை வாயும் மூடும், அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எங்களைத் தோற்கடி. இரக்கம் பார்க்காதே. அந்த ஜஸ்லீனைப் பார்த்தால் மட்டும் ஒரு வார்த்தை நன்றாகப் பேசு, அவள் உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, ஹிந்தியில் பேச இங்கே அவளுக்கு ஆள் இல்லை.

காலையில் வெந்நீரில் குளி, வெறும் காலோடு தரையில் நடக்காதே, ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் போட்டிருக்கிறாள், பாட்டிலை நிமிர்த்தி வை. நீ எங்கே ஆடினாலும் நன்றாக ஆடி, நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அம்மா என்னோடு பேசாவிட்டாலும் இதில் மட்டும் சேர்ந்துகொள்வாள். இன்னொன்று, மறக்காமல் பதில் சொல்ல வேண்டியது. நீ ஆட ஆரம்பித்த நாளில் இருந்து இந்த ஊரில் உன் மேட்ச் ஒன்றைக் கூட நான் விட்டதில்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி அம்மா நிச்சயம் வருவாள். உன்னை வராதே என்று சொல்ல இங்கே எவனுக்கும் யோக்கியதை கிடையாது, ஆனால் என்னை வராதே என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. நான் வரலாமா கூடாதா என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பு. கூடாது என்றாலும் பரவாயில்லை, நான் வாசலோடு நின்று அவளை வண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கு. மணவாளன்