டியூட்டி நாளில் மாத்திரை இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கேயும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசலாமென்றால் வீட்டில் இருக்கிற ஒரே போனும் உங்கள் அண்ணன் சட்டைப்பையில்தான்; கேட்டு வாங்கினாலும் பக்கத்திலேயே நின்று ஒட்டுக்கேட்கிறார். அதனால்தான் கடிதம்.

அவர் சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடுகிறார் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், மடச்சி! போன வருஷம் பஸ் ஓட்டும்போது சர்க்கரை இறங்கிப்போய், கை நடுங்கி, சட்டையெல்லாம் வேர்த்து, வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். யாரோ ஒரு பயணி கொடுத்த மிட்டாயில் உயிர் வந்திருக்கிறது. அன்றிலிருந்து டியூட்டி நாளில் மாத்திரையே கிடையாது. லீவு நாளில் மட்டும் நல்ல பிள்ளையாட்டம் என் கண்ணெதிரே போடுவார். மற்ற நாளில் நான் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடும் மாத்திரையெல்லாம் டிப்போ குப்பைக்கூடைக்குப் போயிருக்கிறது.

இது தெரியாத டாக்டர், சர்க்கரை குறையவே இல்லையே என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். கூட்டிய மாத்திரையை லீவு நாளில் போட்டுவிட்டு, மறுபடி சர்க்கரை இறங்கிப்போய், போன வாரம் குளியலறையில் விழுந்தார். நெற்றியில் தையல். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் உண்மையைக் கக்கினார். அடுத்த தடவை இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசி என்றால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று இவருக்குப் பயம். உள்ளதை டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருந்தால் மாற்றித் தருவார் என்று கெஞ்சினேன். வாயை மூடு என்று தட்டை வீசினார். என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர்.

நேற்று இவர் கடைக்குப் போன நேரம் பார்த்து இவருடைய கண்டக்டர் வந்தார். உட்காரக்கூட இல்லை. பொழுது சாய்ந்தால், முன்னே போகிற வண்டி பிரேக் போடுவது உங்கள் அண்ணன் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லையாம். டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு கண்டக்டர்தான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று, சிவப்பு விழுந்தது, ஆள் குறுக்கே வருகிறது என்று காதோரம் சொல்லிக்கொண்டே வருகிறாராம். இனி தன்னால் முடியாது, தனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று அழுதார். வண்டி நிறைய ஜனம் ஏறுகிறதே தம்பி!

டிப்போவில் சொன்னால் வேலை போகும். வேலை போனால் அவர் உடைந்துவிடுவார். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எழுதவே பயமாக இருக்கிறது. உங்கள் பேச்சுக்குத்தான் அவர் கொஞ்சமாவது அடங்குவார். உடனே வந்து அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் வராவிட்டால் நானே டிப்போவுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். அப்புறம் சாகும்வரை என் முகத்தில் விழிக்கமாட்டார். விழிக்காவிட்டால் போகட்டும். எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

உங்கள் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். ரயிலைவிட்டு இறங்கியதும் நடந்தே வீட்டுக்கு வந்துவிடுங்கள் தம்பி. உங்கள் அண்ணன் வண்டியில் மட்டும் ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி