நோட்டீஸின் அடியில் இருந்தது

ஐப்பசி 9, திங்கள்

காலையில் தூறல். குடையோடு கேட்டில். இந்த பேண்டேஜ் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்ததிலிருந்து கைநாட்டுதான். முதியோர் வகுப்பு முடித்து ஒரு மாதம் ஆகிறது. கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். இன்று வாசித்தவை: சோப்பு உறை, ராஜபாளையம் பஸ் போர்டு, 'இங்கே துப்பாதீர்கள்'. மூன்றும் சரி. சந்தோஷம்.

எங்கள் கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டினால் டீ நேரத்தில் சூப்பர்வைசர் ஸ்டூலில் ஏறி வாசிப்பார். பெண்கள் பேண்டேஜ் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். எழுந்து போய் வாசித்தால் சுற்றுவது குறையும், கூலியும் குறையும். இன்று அவர் லீவு. முத்துமாரி கத்தினாள்: "பெரியப்பா, நீங்கதான் இப்ப படிச்சவருல்லா! ஏறுங்க!"

ஏறினேன். மேலே பெரிய எழுத்து. நம் பேண்டேஜை வாங்கி ஏழை நாடுகளுக்கு அனுப்பிவந்த வெளிநாட்டு அரசு, உதவிப் பணத்தைக் குறைத்துவிட்டதாம். ஆர்டர் குறையுமாம். அடியில் பொடி எழுத்து. கண் தெரியவில்லை. அதற்குள் எல்லாரும் கை தட்டினார்கள். "அம்புட்டுத்தான்" என்று இறங்கிவிட்டேன்.

செவ்வாய்

மழை இல்லை. மருமகள் செல்வியும் இங்கேதான் பேண்டேஜ் சுற்றுகிறாள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வன்னியம்பட்டி போயிருக்கிறாள். நேற்றைய கைதட்டலை அவள் கேட்கவில்லையே என்று வருத்தம்.

ஆபீஸ் ராணியிடம் விவரம் கேட்டேன். "வருமானத்துல இவ்வளவு பங்கு குடுப்போம்னு அந்த நாட்டுல சொல்லியிருந்தாக தாத்தா. இப்ப அந்த இலக்கையே இறக்கிட்டாக."

"அந்த ஊரு சனத்துக்கு அது தெரியுமா?"

"பேப்பர்ல ஓரமா போட்டிருப்பாக."

பேண்டேஜ் பெட்டி மேல் இருக்கும் இங்கிலீஷுக்கு 'அந்நாட்டு மக்களின் அன்பளிப்பு' என்று அர்த்தமாம். கொடுத்தவர்களுக்குச் செல்வியைத் தெரியாது. யார் காயத்துக்குச் சுற்றினோம் என்று செல்விக்கும் தெரியாது.

வெள்ளி

பொடி எழுத்து உறுத்திக்கொண்டே இருந்தது. மதியம் மூன்று மணிக்கு ராணியின் கண்ணாடியை வாங்கிப் போட்டு வாசித்தேன். சுற்றும் பிரிவு மாதக் கடைசியில் மூடப்படும். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்கு மாற விரும்புவோர் வெள்ளி மாலை ஐந்துக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும்.

யாரும் சொல்லாமலே ஸ்டூலில் ஏறினேன். "அன்னைக்கு நான் முழுசா வாசிக்கல" என்றேன். பொடி எழுத்தையும் வாசித்துச் சொன்னேன்.

பொறவு முத்துமாரி. "கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன பெரியப்பா? கல்லைக் கொண்டா எறிஞ்சிருப்போம்?" ஓடினாள். எல்லாரும் ஓடினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

செல்வி போன் அணைந்திருந்தது. பஸ் ஏறினேன். வன்னியம்பட்டியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது வழியில் நல்ல மழை, பஸ் ஊர்ந்தது. வந்து சேர ஐந்தே முக்கால். கையெழுத்து ரிஜிஸ்டர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது.

மேனேஜர் சொன்னார்: "நோட்டீஸ் திங்கக்கிழமையே ஒட்டியாச்சே தாத்தா."

சனி

செல்வி ஒரு சொல் திட்டவில்லை. சோறு வைத்தாள். ரசம், அப்பளம். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் ஒரு தாளை என் மடியில் வைத்தாள். வேலை முடிகிறது என்ற கடிதம். அவளுக்கு என்னைவிட நன்றாக வாசிக்க வரும்.

"வாசிங்க மாமா. அடி வரைக்கும்."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒன்றையும் விடவில்லை.