உன் பேர் சொல்லாத தவறணை

மச்சான்,

நேற்றுச் சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் நடந்துபோகையில் புளித்த கள்ளின் மணம் முகத்தில் அடித்தது. ஊரை விட்டு ஓடிவந்தபோதுகூட அழாத எனக்கு அந்த மணத்தில் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. உன்மேல் அல்ல, எங்கள் ஊர்ச் சனத்தின்மேல்.

மரம் ஏறியது நீ. பனையோலையில் பிளா கோலிக் கள் ஊற்றிக் கொடுத்ததும் நீ. ஆனால் எங்கள் புத்தூரில் உன் கள்ளுக்கொட்டிலுக்கு "உடையாற்றை தவறணை" என்றுதான் பேர். காணி உடையாருடையதாம்! அந்த மனிசன் செத்து எவ்வளவு காலம்? உயிரோடு இருந்தபோதும் ஒருநாள் அந்தப் படலையைத் திறந்தவரில்லை.

எண்பத்து மூன்றில் கொழும்பில் அடிபட்ட சனம் கப்பலில் வந்து இறங்கிய பிறகு உன் கொட்டிலில் குந்த இடமில்லை. அப்போதுதான் ஒரு தகரத்தில் உன் பேரை எழுதுவித்து வாசலில் தொங்கவிட்டாய். "எப்பிடியடா இருக்கு?" என்று கேட்டபோது உன் முகத்தில் புதுமாப்பிள்ளையின் வெட்கம்.

அன்று பின்னேரமே பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவர் படலையில் நின்று கத்தினார்: "உவன்ரை பேருக்குக் கீழை குந்தியிருந்து நாங்கள் குடிக்கிறதோ?"

உன் கள் இனித்தது, உன் பேர்தான் அவர்களுக்குத் தீட்டு. அடுத்த நாள் ஒருத்தரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கள் என்ன, வைத்து விற்கிற சாமானா? முட்டி முட்டியாக வேலியோரம் ஊற்றினாய். பிறகு தகரத்தை நீயே கழற்றினாய். "விடடா மச்சான், பிள்ளையள் சாப்பிட வேணுமெல்லோ" என்றாய். அன்றைக்கே எல்லாரும் பழையபடி வந்து குந்தினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

இந்தியன் ஆமி பக்கத்தில் காவலரண் போட்டதும் அது "சென்றியடித் தவறணை" ஆயிற்று. துவக்கோடு வந்தவனுக்கு ஒரு கிழமையில் கிடைத்த மரியாதை உனக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் பொம்மர் வந்தது. குண்டுக்குப் பதுங்க நீ வெட்டிய பங்கருக்குள் குடிக்க வந்தவர்கள் முந்தி ஓடி நிறைந்துவிட்டார்கள். உனக்கு இடமில்லை. சந்தியிலிருந்து நான் ஓடி வந்தபோது பங்கர் வாசலில் கிடந்தாய். உள்ளே இருந்தவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி வந்தார்கள்.

உன் எட்டுச் செலவு முடிந்து உன் மைத்துனன் கொட்டிலைத் திறந்தான். ஊர் உடனே பேரை மாற்றியது: "செத்தவன்ரை தவறணை." உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "செத்தும் அந்தாளுக்குப் பேரில்லையோ அண்ணை?" என்று என்னைக் கேட்டாள்.

நேற்று மணம் வந்த அந்தத் தவறணைக்குள் போனேன். எங்கள் ஊரான் ஒருவன் இருந்தான், அன்று உன் பங்கருக்குள் உயிர் தப்பியவர்களில் ஒருவன். உன் பேரைச் சொல்லி, "அவன்ரை கள்ளு மாதிரி வருமோ?" என்றேன்.

"அது ஆரப்பா?" என்று கேட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. உன் பேரையே திரும்பச் சொன்னேன், அங்கே குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி.