ஏழு தடவை பிடுங்கிய கேபிள்

அக்கா,

நீ இன்னும் என்னோடு பேசவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நேற்று உன் ஆன்லைன் இன்டர்வியூ நடுவில் இன்டர்நெட் கேபிளில் கால் தடுக்கி அழைப்பை அறுத்தது நான்தான். ஆனால் வீட்டில் வைஃபை இருந்ததே, கம்ப்யூட்டர் ஏன் அதற்கு மாறவில்லை? இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது.

காலையில் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, பேசிக்கொண்டே கேபிளைப் பிடுங்கினேன். போயே போச்சு! அப்புறம்தான் பார்த்தேன், கம்ப்யூட்டரில் வைஃபை அணைந்திருந்தது. "ரெண்டும் ஓடினா ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும்" என்று நீ அணைத்து வைத்தது.

மோதவில்லை அக்கா. வைஃபையைப் போட்டுவிட்டு அப்பாவை மறுபடி கூப்பிட்டேன். கேபிள் இருக்கும்வரை வைஃபை சும்மா நிற்கிறது. வேகமும் கூடவில்லை, குறையவும் இல்லை. கேபிளைப் பிடுங்கினால் படம் இரண்டு நொடி உறைகிறது, பிறகு வைஃபையில் ஓடுகிறது. முதலில் பிடுங்கியதையும் சேர்த்து ஆசை தீர ஆறு தடவை பிடுங்கிவிட்டேன்.

இன்று பதினோரு மணிக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள் இல்லையா? தயவுசெய்து வைஃபையை அணைக்காதே. கேபிளைச் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலே இருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

பி.கு.: கடைசியில் அப்பா, "படம் நல்லாத்தான்மா தெரியுது. ஏன் கண்ணு வீங்கியிருக்கு? அக்காவோட சண்டையா?" என்று கேட்டார். சட்டென்று கேபிளைப் பிடுங்கினேன். அந்த ஏழாவது தடவை சோதனைக்காக இல்லை.

அழைப்பு அறுபடவே இல்லை அக்கா. பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.