பூக்கடைக்காரரின் சாவிக்கொத்து

அன்புள்ள அம்மாவுக்கு, வைஷாலி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தம்பி லோகேஷ் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

நேற்று இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். நர்ஸ் டியூட்டிக்குப் போகும் வழியில், மண்டி மொஹல்லா கடைத்தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தான். வலிப்பு என்று நினைத்து அங்கிருந்த பூக்கடைக்காரர் ஓடிவந்து, தன் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். அப்போது அவன் பையிலிருந்து ஒரு சிரிஞ்சு விழுந்தது.

"சீ, போதை கேஸு! பேடா, நமக்கு வேண்டாம், சாகட்டும் விடுங்க" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கூட்டமும் கலைந்துவிட்டது.

வலிப்புக்கே இரும்பு உதவாது. போதை மிஞ்சி மூச்சு அடங்கினால் உதவும் மருந்து உண்டு, நலோக்ஸோன் என்று பெயர். எதிரே இருந்த மருந்துக்கடையில் கேட்டேன்.

"அதெல்லாம் வைக்கறதில்லக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

மூச்சு நிற்கப் போகிறவன் எழுந்து நடந்து போவானா? ஆம்புலன்ஸ் வரும்வரை நானே அவன் வாயில் ஊதினேன். ஆஸ்பத்திரியில் அந்த மருந்தைப் போட்டதும் சில நிமிடங்களில் கண் திறந்தான். இவ்வளவுதான் வேலை! அதைக் கடையில் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒருவன் சாகட்டும் என்று சொல்ல இவர்கள் யார்?

கொள்ளுப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். பேச ஆளில்லாமல் வெறும் சோறு இறங்குவதில்லை.

டியூட்டிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, இன்னும் ஒன்று மட்டும். லோகேஷின் போதைப் பழக்கம் ஊருக்குத் தெரியக் கூடாதென்று அவனை அறையில் போட்டுப் பூட்டுகிறீர்களே, உள்ளே அவன் விழுந்தால் யாருக்குத் தெரியும்? அந்தச் சாவியும் அவனைக் காப்பாற்றாது, அம்மா. கதவைத் திறந்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வைஷாலி